பஸ் நிற்காத பக்கம்

எண்பதுகளின் கடைசியில் வந்த ஓர் இலையுதிர்காலத்தில், லண்டனின் தெற்கு விளிம்பில் நடந்தது இது. லண்டன் என்றதும் கோபுரமும் பாலமும் நினைவுக்கு வந்தால் அவற்றைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிடுங்கள். நாங்கள் இருந்த இடத்தில் வரி வாங்குகிற கவுன்சில் மட்டும்தான் லண்டன். ஜன்னலைத் திறந்தால் செம்மறியாடு.

அதற்கு முன் தோர்ண்டன் ஹீத்தில் ஓர் அறையும் சமைக்கப் பாதிக் குசினியுமாக இருந்தோம். கூரைக்கு மேலே யாரோ ஒருவரின் சப்பாத்துச் சத்தம், சுவரில் ஈரம். நகரத்துக்கு வெளியே ஒரு பெற்றோல் செட்டில் வேலை இருக்கிறது, மேலே வீடும் தருவார்கள் என்று கேள்விப்பட்டதும் என் கணவர் அடுத்த நாளே போய் ஓம் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் மறுப்பில்லை. ஓரிடத்தில் கால் தரிக்காத பிறவி நான். புது இடம் என்றால் பெட்டி கட்டும் முன்னமே மனம் கிளம்பிவிடும். அப்படித்தான் அந்த மலைச்சரிவுத் தெருவுக்கு வந்து சேர்ந்தோம். கீழே பெற்றோல் பம்புகள், ஒரு டீசல் பம்பு, சொக்லட்டும் சிகரெட்டும் விற்கிற ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரியான கடை. மேலே நாங்கள். சுற்றிவரக் காற்று.

தெரு ஒன்றுதான். இரண்டு பக்கமும் ஆளுயர மண்மேடு, அதன் மேல் முட்செடி வேலி. இரண்டு வாகனங்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்க வேண்டும். நடைபாதை கிடையாது. மலைக்கு அப்பால் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி இருந்தது. அங்கிருந்து லொறிகள் நாள் முழுக்க வெள்ளைத் தூள் சிந்திக்கொண்டு இறங்கும், ஏறும். தெருவின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு எங்கள் வீட்டுக்குள் வந்து எங்கள் சாப்பாட்டு மேசையையே இரண்டாகப் பிரிக்கப் பார்க்கும் என்று அப்போது தெரியாது.

மகளுக்குப் பதினொரு வயது. அந்த செப்டம்பரில் மலை உச்சியில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு கவுன்சில் ஒரு பஸ் விட்டிருந்தது. அது காலையில் எங்கள் தெருவால்தான் வரும். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், பண்ணைக் குடியிருப்பில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பாதி ஆசனங்கள் காலியாக இருக்கும். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் காலி ஆசனங்களின் நீல உறை கூடத் தெரியும்.

ஆனால் என் மகளை ஏற்றாது.

காரணம் கேட்டபோது முதலில் எனக்கு விளங்கவில்லை. எந்தப் பகுதிப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம் என்று கவுன்சிலிடம் ஒரு வரைபடம் இருந்தது. எப்போதோ, அந்தத் தெருவில் குதிரை வண்டி போன காலத்தில் கீறியது. அந்த எல்லை எங்கள் தெருவின் நடுவாலேயே போனது. எதிர்ப்பக்கம் மலைப் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம். எங்கள் பக்கம், கீழே பள்ளத்தாக்கில் இருந்த இன்னொரு பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம். அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிப் பல வருடங்கள். கட்டடத்தில் வீடுகள் கட்டி விற்றும் விட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் மலைப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள். பஸ்ஸுக்கான எல்லையை மட்டும் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் வேறு பிள்ளைகளும் இருக்கவில்லை, கேட்பதற்கு. அந்த வரைபடத்தின்படி, இல்லாத ஒரு பள்ளிக்கூடத்துக்கு என் மகள் இன்னும் சொந்தமாக இருந்தாள்.

தொலைபேசியில் பேசிய பெண் பொறுமையானவள். எல்லைக்கு வெளியே இருக்கும் பிள்ளைக்கு பஸ் தருவதென்றால் நடந்துபோகும் வழி ஆபத்தானதாக இருக்க வேண்டும் என்றாள். ஆபத்துத்தான் என்றேன். பிள்ளையோடு கூட நடக்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. இதென்ன கேள்வி? தாய் நான் இருக்கிறேன், பிள்ளையைத் தனியே விடுவேனா, ஒவ்வொரு நாளும் நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன், கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம். பெரியவர் ஒருவரின் துணையோடு நடக்கக்கூடிய வழி என்றால், விதிப்படி அது ஆபத்தான வழி ஆகாது என்றாள். நல்ல தாயாக இருந்ததுதான் என் வழக்கைக் கெடுத்தது. எங்கள் ஊர்ப் பெண் எவளைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.

ஆகவே நடந்தோம்.

காலையில் மேடு ஏறுவோம். மகள் முன்னால், நான் பின்னால். புல்லில் வெள்ளைப் பனி, வேலியில் சிவப்புப் பழங்கள், தூரத்தில் நகரம் ஒரு சாம்பல் கோடாய்க் கிடக்கும். லொறியின் இரைச்சல் முதலில் காலுக்குத்தான் கேட்கும், மண் அதிரும். உடனே மகளை மேட்டோடு சாய்த்து நிறுத்தி, அவளை மூடிக்கொண்டு நான் வேலிக்கு முகம் கொடுத்து நிற்பேன். முதுகுக்குப் பின்னால் லொறி ஒரு சுவர் மாதிரிப் போகும். போனதும் இருவரும் வெள்ளைத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு நடப்போம். அவளை விட்டுவிட்டு நான் தனியே இறங்குவேன். பின்னேரம் மறுபடி ஏறுவேன். என் கணவர் விடியமுன் ஷிப்டில் இறங்கினால் பின்னேரம்தான் கதிரையை விட்டு எழும்பலாம். கடையில் அவர் ஒருவர்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஊர் பஸ் ஒன்று இருந்தது, அது முதல் மணி அடித்துப் பாடம் தொடங்கின பிறகுதான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

பாதி மேட்டில் பள்ளிக்கூட பஸ் எங்களைக் கடந்து போகும். டிரைவர் பருத்த மனிதர், காது மடலில் பென்சில் சொருகியிருப்பார். எங்களைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, சேறு தெறிக்காமல், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். எதிர்வீட்டுப் பெண்பிள்ளை கண்ணாடியில் முகத்தை ஒட்டி என் மகளுக்குக் கை காட்டுவாள். முதல் இரண்டு கிழமை என் மகளும் காட்டினாள். பிறகு சப்பாத்து நாடாவைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்ளத் தொடங்கினாள். நான் அதைக் கவனிக்காத மாதிரி நடந்தேன்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு அதே பஸ் எங்கள் செட்டுக்குத்தான் டீசல் அடிக்க வரும். டிரைவர் கடைக்குள் வந்து நின்று கதைப்பார். அவர் பேசியது ஆங்கிலம். என் நினைவில் இருப்பதோ என் தமிழ். அதனால் இந்தக் கதையில் வரும் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் கொஞ்சம் யாழ்ப்பாணத்துக்காரர்கள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எனக்கு ஏத்தக்கூடாதெண்டு ஒண்டுமில்லை, லவ்," என்பார். அந்த ஊரில் எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பஸ் அட்டை இல்லாத பிள்ளையை ஏத்தி, வழியிலை ஏதும் நடந்தா இன்சூரன்ஸ்காரன் என்னைத்தான் தின்பான். என்னிலை தின்ன நிறைய இருக்கு, அதுதான் பயம்."

சிரிப்பேன். என்ன செய்வது? எங்கள் பம்பில் வயிறு நிரப்பிக்கொண்டு போகிற பஸ், எங்கள் பிள்ளையை மட்டும் தெரியாது என்கிறது.

இதற்கிடையில் என் வயிறும் நிரம்பிக்கொண்டு வந்தது. மகளுக்குப் பிறகு நெடுங்காலம் கழித்துத் தங்கிய இரண்டாவது பிள்ளை. தை மாதக் கடைசியில் நாள் சொல்லியிருந்தார்கள். நவம்பரில் மேடு ஏறும்போது மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். மருத்துவிச்சி நடக்க வேண்டாம் என்றாள். பிறகு யார் நடப்பது என்று அவளும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே என் கணவர் சொன்னார்.

"உன்ரை தங்கச்சியோடை கதைச்சுப்போட்டன். மனோர் பார்க்கிலை அவையின்ரை வீட்டுக்குக் கிட்டப் பள்ளிக்கூடம் இருக்காம். கிறிஸ்மஸ் லீவோடை பிள்ளையை அங்கை விடுவம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"நீ எழும்பி நடக்கிற வரைக்கும். அதுக்குப் பிறகு பாப்பம்."

மனோர் பார்க் லண்டனின் மற்ற மூலை. பாப்பம் என்ற சொல்லையும் நான் அறிவேன். வந்து பார்ப்போம், போய்ப் பார்ப்போம் என்று சொல்லித்தான் நாங்கள் எல்லாரும் கப்பலும் விமானமும் ஏறினோம். என் அக்கா கனடாவில், தம்பி ஜெர்மனியில், பெற்றோர் ஊரில். கொஞ்சக் காலத்துக்கு என்று விட்டவர்களில் ஒருவரையும் நான் அதற்குப் பிறகு ஒரே வீட்டில் காணவில்லை.

மகள் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நான் சித்தி வீட்டை போகமாட்டன்," என்றாள்.

"சித்தி வீட்டிலை என்ன குறை? முருகன் கோயிலும் கிட்ட. சித்தியின்ரை பிள்ளையளும் இருக்கினம்."

"அவையளுக்குப் புதுப் பிள்ளை வருதா? எனக்குத்தானே தம்பியோ தங்கச்சியோ வருது. நான் இல்லாமல் ஏன் வரோணும்?"

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. அன்று இரவு பெட்டியை இறக்கித் தூசி தட்டியவர், அதை மகளின் கண்ணில் படாத இடத்தில்தான் வைத்தார்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். தெருவைக் கடந்து அவள் வாசலில் நின்று அழவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், முடியவில்லை. அவள் அடுப்படிக்குள் என்னை இழுத்து இருத்திவிட்டு, தானே கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் விடவும் இல்லை. "இந்தப் பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. துணைக்கு நடக்கிற ஆள் படுத்திட்டால் உங்கடை விதியிலை துணைக்கு ஆர் வாறது? நீங்கள் வருவியளோ?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. கடைசியில், அடுத்த கிழமை ஓர் அதிகாரி வந்து வழியை நேரில் பார்த்து அளப்பார் என்ற பதில் வந்தது.

அளப்பார் என்ற சொல் என் காதில் விழுந்ததும் எனக்குள் வேறு ஒரு பெண் எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

யாழ்ப்பாணத்தில் காணி எல்லை அளக்க சேவையர் வருகிறார் என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. ஓர் அங்குல வேலிக்கு மூன்று தலைமுறை வழக்காடுகிற ஊர் அது. சேவையர் வரும் நாளில் எல்லைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட வேண்டும். எங்களுக்குத் தெரியாமல் அளந்தார்கள் என்று பின்னாளில் ஒருவரும் சொல்லக்கூடாது. வருகிறவர் யார் பக்கம் சாய்வார் என்பதல்ல கேள்வி. அவர் பசியோடு அளக்கக்கூடாது. ஆகவே சாப்பாடு. இது லஞ்சமும் இல்லை, விருந்தும் இல்லை. அளவை என்றால் அப்படித்தான். எனக்கு வேறு விதமாக அளக்கவே தெரியாது.

ஆகவே கூப்பிட்டேன். எதிர்வீட்டுப் பெண், அவள் புருஷன், அதற்கு மேலே இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள், டீசல் அடிக்க வரும் பஸ் டிரைவர். எல்லாரையும் அந்த நாள் பதினொரு மணிக்குத் தெருக்கரையில் வந்து நிற்கச் சொன்னேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு அது ஒரு நாகரிகம். சாப்பாடு உண்டு என்றும் சொல்லியிருந்தேன். விடியவே எழும்பி மரக்கறி ரோல்ஸ் பொரித்தேன், உளுந்து வடை சுட்டேன், கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் சோறும் வைத்தேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார் கணவர், ஒரு ரோல்ஸை வாயில் வைத்துக்கொண்டே. "அவன் கவுன்சில் ஆள். எங்கடை ஊர்ச் சேவையர் எண்டு நினைச்சியோ? வேட்டி கட்டிக்கொண்டு வருவானெண்டு பாக்கிறியோ?"

"என்ன கட்டிக்கொண்டு வந்தாலும் வயிறு இருக்குமப்பா."

சொன்ன நேரத்துக்கு ஒரு சின்னப் பச்சைக் கார் மேட்டால் இறங்கி வந்தது. தெருவின் இரண்டு கரையிலும் ஆட்கள் வரிசையாக நிற்பதைக் கண்டதும் மெதுவானது. செட்டுக்குள் திரும்பியது. ஆனால் கதவு திறக்கவில்லை. கண்ணாடி மட்டும் நான்கு விரல் அளவுக்கு இறங்கியது. உள்ளே கழுத்துப்பட்டி கட்டிய மெல்லிய மனிதர், நாற்பது வயதிருக்கும், முகம் வெளுத்துப் போய்.

"பத்திரிகைக்காரரும் வந்திருக்கினமோ?" என்று கேட்டார். "ஆர்ப்பாட்டம் எண்டால் முன்கூட்டியே அறிவிக்கோணும்."

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் டிரைவர்தான் சத்தம் போட்டார்: "ஆர்ப்பாட்டமும் இல்லை, ஒண்டும் இல்லை, மச்சான்! சாப்பாடு ஆறுது. நீ இறங்காட்டில் உன்ரை பங்கும் எனக்குத்தான்."

நான் வெள்ளித்தாள் மூடிய தட்டோடு கார்க் கதவருகே போய் நின்றேன். என் வயிறு கண்ணாடியை மறைத்தது. எங்கள் ஊரில் எல்லை அளக்கும்போது இரண்டு பக்கமும் கூடி நிற்பதுதான் வழக்கம், அதற்காகத்தான் இவர்களைக் கூப்பிட்டேன், நீங்கள் சாப்பிட்டுவிட்டு அளக்கலாம் என்றேன். அந்த மனிதர் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

சாப்பிடமாட்டேன் என்றார், வேலை நேரத்தில் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாதாம். ஆனால் காருக்குள் இருந்து அவர் எடுத்த பொருளைக் கண்டு எல்லாரும் கிட்ட வந்தோம். நீளக் கைப்பிடியில் பூட்டிய ஓர் ஒற்றைச் சில்லு. தெருவில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் அது உருண்டு உருண்டு தூரத்தைக் கணக்கெடுக்குமாம். ஊரில் சேவையர் சங்கிலி பிடிப்பார். இவர் சில்லு உருட்டுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

"எல்லை எங்கை?" என்று கேட்டேன்.

அவர் சுற்றிப் பார்த்தார். கையில் மடித்த வரைபடத்தை விரித்து, தெருவைப் பார்த்து, மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். பிறகு சப்பாத்து நுனியால் நடுவில் இருந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டார். "இதுவாய்த்தான் இருக்கோணும்," என்றார். பேசும்போதே அவர் குரலில் ஒரு வெட்கம் வந்தது. "இத்தனை வருசம் இதைக் காகிதத்திலைதான் கண்டிருக்கிறன்."

கோட்டுக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டுக்காரியும் புருஷனும். இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் அவர்.  வேலிக்கு அப்பால் ஓர் ஆடு மட்டும் இருமியது.

அவர் சில்லைத் தெருக்கரையில் வைத்துத் தள்ளத் தொடங்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று ஒரு சத்தம். நானும் கூடப் புறப்பட்டேன். நீங்கள் வரத் தேவையில்லை என்றார். வழியை எப்படி நடக்கிறோம் என்று உங்களுக்கு யார் காட்டுவது என்றேன். கணவர் கடைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "கவனமப்பா!" என்றார். மற்றவர்கள் செட்டிலேயே நின்றார்கள்.

முதல் நேர்த்தெரு சுகமாகத்தான் போனது. அவர் தன் மகளைப் பற்றிச் சொன்னார். அவளுக்கும் பதினொரு வயதாம், அவர் வீட்டு வாசலில் பஸ் நிற்குமாம். சொல்லிவிட்டு அதைச் சொன்னதற்காக வருந்தியவர்போல வேகமாக நடந்தார். டக், டக், டக். குவாரிக்குத் திரும்பும் வளைவு வந்தது. எனக்குக் காலில் மண் அதிர்ந்தது. "நில்லுங்கோ!" என்றேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு வளைவு முழுவதும் லொறியாக இருந்தது.

அவர் பாய்ந்து மண்மேட்டில் தொற்றிக்கொண்டதை ஓரக்கண்ணால் கண்டேன். என் உடம்பு தானாக ஒவ்வொரு நாளும் செய்வதைச் செய்தது. வேலிக்கு முகம் கொடுத்துக் கண்ணை இறுக மூடினேன். முதுகில் சூடான காற்று அடித்தது. எதுவோ நொறுங்கும் சத்தம். பிறகு லொறி இறங்கிப் போய்விட்டது. ஓட்டியவருக்கு எங்களைத் தெரிந்தும் இருக்காது.

வெள்ளைத் தூள் மெல்ல இறங்கியது. நடுத்தெருவில் சில்லு நசுங்கிக் கிடந்தது. அந்த மனிதரின் கைகளில் முள் கிழித்து இரத்தம். அவர் சில்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். என் இரண்டு கைகளும் விரிந்து முட்செடிக் கிளைகளைப் பற்றியிருந்தன. என் வயிற்றுக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. ஒரு பதினொரு வயதுப் பிள்ளை நிற்கிற அகலம். அவள் அந்த நேரம் மலை உச்சியில் வகுப்பில் இருந்தாள். நான் ஒருவரும் இல்லாத இடத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தேன்.

"அது மகள் நிக்கிற இடம்," என்றேன். "பழகிப் போச்சு."

 அவர் மேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, நசுங்கிய சில்லைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைத் தெருக்கரை உள்பக்கமாக விட்டு, தான் வெளிப்பக்கமாக நடந்து என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். அளவு பாதியில் நின்றுவிட்டது.

செட்டில் நின்றவர்கள் எங்கள் கோலத்தைக் கண்டு ஓடி வந்தார்கள். பயம் தெளிந்ததும் பஸ் டிரைவர் சில்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஒற்றைச் சில்லோடை இந்தத் தெருவிலை இறங்கினா இப்பிடித்தான். இதுக்குத்தானே நாங்கள் பஸ் வச்சிருக்கிறம்," என்றார்.

அந்த மனிதர் அதைக் கேட்டுச் சிரித்தார்.  என் கணவர் சீனி அதிகம் போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தார். இந்த முறை வாங்கிக் குடித்தார். ரோல்ஸும் சாப்பிட்டார், ஒன்று முடிய இன்னொன்று. முள் கிழித்த கைகளில் நான் கொடுத்த மஞ்சள் நிற மருந்தைப் பூசிக்கொண்டு, கடை மேசையில் வைத்துத் தன் குறிப்பை எழுதினார். எழுதி முடித்ததும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்கள் எனக்குத் துணைக்குத்தானே வந்தனீங்கள்?"

"ஓம்."

"நீங்கள் பெரிய ஆள்தானே?"

வயிற்றைப் பார்த்தேன். "வேண்டிய அளவுக்கு," என்றேன்.

"அப்ப நான் எழுதினது சரி." படித்துக் காட்டினார்: பெரியவர் ஒருவரின் துணையோடு நடந்தும் இந்த வழியை அளந்து முடிக்க இயலவில்லை. இதில் ஒரு பிள்ளை நடப்பது பாதுகாப்பானது அல்ல.

அவ்வளவுதான். வாக்குறுதி எதுவும் தரவில்லை. தான் முடிவெடுக்கிற ஆள் இல்லை, பார்த்ததைச் சொல்கிற ஆள் மட்டும்தான் என்றார். எதிர்வீட்டுக்காரர்களிடமும் கை கொடுத்து விடைபெற்றுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. அவர் பெயரும் சரியாக நினைவில் இல்லை.

பிறகு வந்த நாட்களில் எதிர்வீட்டுக்காரி என்னை மேட்டில் ஏற விடவில்லை. என் மகளோடு தானே நடந்தாள். டிசம்பரில், பள்ளிக்கூட விடுமுறை தொடங்குமுன், கவுன்சிலிலிருந்து தொலைபேசி வந்தது. அதே பொறுமையான பெண். வழி பாதுகாப்பற்றது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், திங்கட்கிழமையிலிருந்து பஸ் நிற்கும் என்றாள். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. என் கணவர் ரிசீவரை வாங்கி மனோர் பார்க்குக்கு எடுத்தார். "பிள்ளை வரேல்லை. இல்லை, கோவமொண்டும் இல்லை. இஞ்சை பஸ் வருது," என்றார். எத்தனை எளிய வசனம். 

திங்கள் காலை தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்தில் நின்றோம். பஸ் வந்தது. டிரைவர் கதவைத் திறந்து, "எங்கை இவ்வளவு நாளும் போயிருந்தனீங்கள், மேடம்?" என்று என் மகளிடம் கேட்டார். அவள் இதெல்லாம் தனக்கு வழக்கம் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு ஏறி, தன் சிநேகிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் மேட்டில் ஏறும்போது பின்கண்ணாடியில் ஒரு சின்னக் கை தெரிந்தது. எனக்காக ஆடியது.

அவளுக்குத் தம்பி பிறந்தது பனி கொட்டிய ஒரு கிழமையில். ஆஸ்பத்திரியிலிருந்து நான் அவனைக் கொண்டுவந்த பின்னேரம், பள்ளிக்கூட உடுப்போடு, சப்பாத்துக்கூடக் கழற்றாமல் மேலே ஓடிவந்து அவனை முதலில் தூக்கியவள் அவள்தான்.

அந்த எல்லைக்கோடு மாறவே இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு மறுபடி கால் துருதுருத்து, விம்பிள்டன் பக்கம் வீடு மாறும்போதும் வரைபடத்தில் அது அப்படியேதான் இருந்தது. எங்களுக்குப் பிறகு அந்த மேல்வீட்டுக்கு வந்த பிள்ளைகளும் அந்தப் பஸ்ஸில்தான் போனார்கள் என்று எதிர்வீட்டுக்காரி எழுதியிருந்தாள். பாதியில் நின்ற அந்த அளவை அவர்களையும் ஏற்றிக்கொண்டது.

அகதியாக வந்தவள் நான். எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், எத்தனையோ பேனாக்கள் என்னைப் பற்றி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். கண்டதைக் கண்டபடியே எழுதுவது ஒரு மனிதர் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய எவ்வளவு பெரிய உதவி என்பதை, அந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொரு பின்னேரமும் படிகளில் கேட்ட என் மகளின் சப்பாத்துச் சத்தம்தான் எனக்குச் சொல்லித் தந்தது.